கயிற்றுக்குள் அடங்கிய ஊர்

அன்று கெர்தக் ஊரின் அக்ரூட் மரத்தடியில் யார் யார் கூடியிருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆள் கூடிற்று, குறைந்தது என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

ஊர்த்தலைவர் யதுல்லா. அவர் மனைவி குலாந்தாம். நாவிதர் சப்தர், தொழுகை நடத்துபவரும் அவரே. மஷ்ஹத் நகருக்கு யாத்திரை போய் வந்தவரை ‘மஷ்தி’ என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சப்தர் பாதி வழியில் செருப்பு அறுந்து திரும்பிவிட்டதால் ஊரார் அவரைப் ‘பாதி மஷ்தி’ என்றார்கள். அப்புறம் இஸ்கந்தர், கலந்தர் என்ற அண்ணன் தம்பி. அவர்களைக் கட்டிக்கொண்ட அக்கா தங்கை, சுஹ்ராவும் பத்ரியும். ஆட்டுக்காரன் ஷாபாஸ். மருத்துவச்சி நுஸ்ரத் பீபி. கயிறு திரிக்கும் கைரலி, அவர் மகள் மஹ்ரு. ஆக மொத்தம் பதினொரு பேர். மரத்தில் ஒரு கழுதையும் கட்டியிருந்தது. அது கணக்கில் சேராது.

பாரசீக நாட்டில், உப்புப் பாலைக்கு வடக்கே, ஒரு மொட்டை மலையின் அடியில் இருந்தது கெர்தக். சரியாக எங்கே என்று கேட்டால், மேட்டிலிருக்கும் பாலாதே ஊர்க்காரர்கள் “கீழே” என்பார்கள். பள்ளத்து ஊர்க்காரர்கள் “மேலே” என்பார்கள். கெர்தக்காரர்கள் “இங்கே” என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

மலையடியிலிருந்து பூமிக்குள்ளேயே ஓடி வரும் ஒரு கால்வாய்தான் அந்த ஊருக்கு உயிர். காரீஸ் என்பார்கள். போன குளிர்காலத்தில் நிலம் லேசாக நடுங்கியதில் அது எங்கோ உள்ளே இடிந்து அடைத்துக்கொண்டது. அதன் பிறகு தண்ணீர் நூல் போல வந்தது. பிறகு நூலும் அறுந்தது. அக்ரூட் மரம் பருவத்துக்கு முன்பே இலை உதிர்த்தது. கழுதை பாலாதேக்குப் போய்த் தோல்பையில் தண்ணீர் கொண்டு வந்தது. கூடவே யதுல்லாவும் போவார். அவருக்குத் தண்ணீரை விடப் பாரமானது பாலாதேத் தலைவன் ஹெஷ்மத்தின் வாய்தான்.

“என்னய்யா யதுல்லா, உன் ஊரை என் கோழிக்கூண்டுல அடைச்சாக்கூட இன்னும் ரெண்டு கோழிக்கு இடம் மிச்சம் இருக்கும்போல!”

யதுல்லாவுக்கு அந்த இடத்தில் பதில் வராது. வழியெல்லாம் யோசித்து, ஊர் எல்லையில் கழுதையிடம் பதில் சொல்வார். நல்ல பதில்களாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் வட்டார அலுவலகத்துக் குதிரைக்காரன் வந்தான். குதிரையை விட்டு இறங்காமலே சொன்னான்:

“வியாழக்கிழமை அதிகாரி வர்றார். தலை எண்ணப் போறார். பன்னிரண்டு பேருக்குக் குறைஞ்சா அது ஊரில்லை, பாலாதேயோட சேர்த்துடுவாங்க. ஊர்னு எழுதினாத்தான் காரீஸ் தோண்ட ஆள் வரும். எண்ணும்போது எல்லாரும் ஊர் எல்லைக்குள்ள இருக்கணும். ஊரும் வரைபடத்துல இருக்கிற இடத்துல இருக்கணும்.”

“வரைபடத்துல எங்கேங்க இருக்கோம்?” என்றார் யதுல்லா.

“கறுப்புப் பாறைக்குக் கிழக்கே.” சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டான்.

கெர்தக், உண்டான நாளிலிருந்து கறுப்புப் பாறைக்கு மேற்கே இருந்தது.

அதற்காகத்தான் அந்தக் கூட்டம். முதலில் தலையை எண்ண வேண்டும். கைரலி ஒரு கயிற்றை எடுத்துத் தலைக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். பதினொன்று வந்தது. ஒன்று குறைகிறது.

“நிதானமா இன்னொரு தடவை போடுங்க,” என்றார் யதுல்லா.

கைரலி அதே கயிற்றில் இன்னொரு தடவை போட்டார். இருபத்திரண்டு ஆயிற்று. எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குலாந்தாம்தான், “இருபத்திரண்டு பேர்னா ராத்திரிக்கு ரொட்டி பத்தாதே,” என்று கவலைப்பட்டாள். ரொட்டி பத்தும் என்று தெரிந்ததால், ஆள் அவ்வளவு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கைரலி பாதி முடிச்சை அவிழ்த்தார்.

“கழுதையைச் சேர்த்துக்கலாம் தலைவரே,” என்றான் ஷாபாஸ். “ஊருக்குத் தண்ணி கொண்டு வர்றது அதுதான். நம்மில் பாதிப் பேர் அந்த அளவுக்குக்கூட உதவறதில்லை.”

சப்தர் எழுந்து நின்றார். “இந்த ஊர்த் தலைன்னா அது நான் சிரைச்ச தலையா இருக்கணும். கழுதைக்கு நான் சிரைச்சதில்லை.”

“எனக்கும்தான் நீங்க சிரைச்சதில்லை,” என்றாள் குலாந்தாம்.

சப்தர் உட்கார்ந்தார். அந்த விதி பெண்களுக்குப் பொருந்தாது என்றும், கழுதைக்குப் பொருந்தும் என்றும் தீர்மானமாயிற்று.

“புதுசா ஒரு உயிர் பொறக்கணும்னா ஒன்பது மாசம் ஆகும்,” என்றார் நுஸ்ரத் பீபி. “வியாழக்கிழமைக்கு அவ்வளவு நாள் இல்லை.”

கலந்தர் விரலை மடக்கிப் பார்த்தான். “ஒரு ஆள் ஒன்பது நாள் கட்டுற சுவரை ஒன்பது பேர் சேர்ந்தா ஒரே நாள்ல கட்டிடறோமே?”

“அது சுவர்டா,” என்றார் பீபி. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

யதுல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார். “பன்னிரண்டாவது ஆளை இறைவன் பார்த்துக்குவான். எல்லையை நாம பார்த்துக்குவோம். நம்ம ஊர் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது?”

இதை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

“என் வீட்டுச் சுவரோட முடியுது,” என்றான் இஸ்கந்தர்.

கலந்தரின் வீடு அதற்கு அந்தப் பக்கம். “அப்ப நான் எங்கேண்ணே இருக்கேன்?”

“அதைத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் பெண்டாட்டி கேட்டுக்கிட்டிருக்கா.”

எல்லையைக் கண்ணால் பார்க்க முடியாததுதான் தொல்லை என்று யதுல்லாவுக்குப் பட்டது. ஊரைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிட்டால் கயிற்றுக்கு உள்ளே ஊர், வெளியே பாலைவனம். எந்த அதிகாரிக்கும் புரியும். ஷாபாஸ் எல்லா ஆடுகளின் மயிரையும் கத்தரித்துக் கொடுத்தான். கைரலியும் மஹ்ருவும் திரித்தார்கள். நல்ல உறுதியான கயிறு. ஆனால் அக்ரூட் மரத்தையும் தலைவர் வீட்டு வாசலையும் சுற்றி வந்ததும் தீர்ந்துவிட்டது. மற்ற வீடுகளெல்லாம் வெளியே நின்றன.

“இன்னும் மயிர் வேணும்,” என்றாள் மஹ்ரு. “ஆடெல்லாம் வெறும் தோலா நிக்குது.”

சப்தரின் பார்வை இஸ்கந்தரின் தாடி மேல் போயிற்று. இஸ்கந்தர் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டான்.

“வேணாம்,” என்றார் யதுல்லா. “கயிற்றுல மனுஷ மயிரும் கலந்தா, எது எல்லை எது ஆள்னு அதிகாரி குழம்பிப் போவார். கயிறு சின்னதுன்னு ஏன் நினைக்கணும்? ஊர் பெரிசாயிடுச்சு, அவ்வளவுதான். ஊரைச் சுருக்கிக்குவோம்.”

எல்லாரும் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு கயிற்றுக்குள் வந்துவிட்டார்கள். கொஞ்சம் நெருக்கம்தான். ஆனால் அந்த ஊர் அதற்கு முன் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

அடுத்தது இடம். ஊர் பாறைக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அப்படியானால் பாறை ஊருக்கு மேற்கே போக வேண்டும். புதன்கிழமை முழுவதும் பாறையைத் தள்ளினார்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் பாறை உருண்டு யார் மேலாவது விழுந்துவிடும் என்று, பாதிப் பேரை அந்தப் பக்கம் நின்று எதிராகத் தள்ளச் சொன்னார் யதுல்லா. அவருடைய முன்யோசனையால் ஒருவருக்கும் அடிபடவில்லை.

சாயங்காலம் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் யதுல்லாவுக்கு அது தோன்றியது. ஊர் என்பது கயிற்றுக்குள் இருப்பது. கயிறு கனமில்லாதது. ஐயோ, இது தெரியாமல் ஒரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, பதினொரு பேரும் கயிற்றுக்குள் நின்று, ஆளுக்கு ஒரு பிடியாக இடுப்பளவுக்குத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். மரத்தைக் கொண்டுவர முடியவில்லை. யதுல்லா மட்டும் அதைத் தட்டிக்கொடுத்து, “தண்ணியோட வர்றேன்,” என்றார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். “ஊரைக் கொஞ்சம் நிறுத்துங்க!” என்று குலாந்தாம் கத்தினாள். “டீப் பானையை மறந்துட்டேன்.”

இறங்கி ஓடப் போனவளைச் சப்தர் பிடித்து நிறுத்தினார். “எல்லையைத் தாண்டாதீங்க அக்கா! ஒரு தலை குறைஞ்சிடும்.”

அதனால் ஊரே திரும்பிப் போய்ப் பானையை எடுத்துக்கொண்டு வந்தது. பாறையருகே வந்ததும் பத்ரிக்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. ஊர் மறுபடி திரும்பிப் போயிற்று. அணைத்துத்தான் இருந்தது.

மூன்றாம் முறை கிளம்பிப் பாறையைத் தாண்டும்போது எதிரே ஒரு கோவேறு கழுதை வந்தது. அதன் மேல் மூக்குக்கண்ணாடியும் சுருட்டிய வரைபடமுமாக அதிகாரி மிர்சா ஃபஸ்லுல்லா.

“யார் நீங்க?”

“நாங்க கெர்தக்,” என்றார் யதுல்லா.

“கெர்தக்காரங்களா?”

“இல்லைங்க ஐயா, கெர்தக்கே நாங்கதான். கயிற்றைப் பாருங்க.”

“எங்கே போறீங்க?”

“எங்க இடத்துக்குத்தான்.”

அதிகாரி வரைபடத்தை விரித்தார். பாறையைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

“முப்பது ஊர் சுத்திட்டேன்,” என்றார் அதிகாரி. “ஒண்ணாவது வரைபடத்துல இருக்கிற இடத்துல இருக்கா? இல்லை! கேட்டா, ‘எங்க பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கோம்’னு திமிராப் பேசறாங்க. அரசாங்கத்தின் பேச்சை மதிச்சு நடந்து வர்ற ஊரை இன்னைக்குத்தான் பார்க்கறேன். வைங்க, வைங்க. மெதுவா இங்கே இறக்கி வைங்க.”

ஊரை இறக்கி வைத்தார்கள். குலாந்தாம் டீ போட்டாள். அதிகாரி குடித்துவிட்டு, எழுதுகோலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

“ஒவ்வொருத்தரா முன்னால வாங்க. ஒன்று யாரு?”

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசலில் இரண்டு பேர் சந்தித்தால், “நீங்கள் முதலில்” என்று ஒருவர் சொல்ல வேண்டும். “ஐயையோ, நீங்கள்தான்” என்று மற்றவர் சொல்ல வேண்டும். சட்டென்று முதலில் நுழைகிறவன் நல்ல வளர்ப்பில்லாதவன். மற்ற ஊர்களில் மூன்று தடவை சொல்லிவிட்டு யாராவது ஒருவர் நுழைந்துவிடுவார்கள். கெர்தக்கில் அந்த மூன்றாவது தடவையை யாரும் கண்டதில்லை. ஒரு முறை அண்ணனும் தம்பியும் மழைக்கு ஒதுங்க வந்து, வாசலிலேயே “நீங்க முதல்ல”, “நீ முதல்ல” என்று நின்று தொப்பலாக நனைந்து, மழை விட்டதும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

“ஒன்று யாருன்னு கேட்டேன்,” என்றார் அதிகாரி.

“மஷ்தி, நீங்க போங்க,” என்றார் யதுல்லா.

“தலைவர் இருக்கும்போது நானா?” என்றார் சப்தர். “ உங்க காலடி என் கண் மேல. நீங்க போங்க.”

“நான் உங்க எல்லாருடைய காலடி மண்ணு. நுஸ்ரத் பீபி போகட்டும். நம்மில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டு வந்தது அவங்கதானே?”

“உங்களையெல்லாம் முன்னால விட்டுட்டுப் பின்னால நின்னுதானே எனக்குப் பழக்கம்?” என்றார் பீபி. “கைரலி போகட்டும். கயிறு அவருது.”

“கயிறு என்னுதுதான். மயிர் ஷாபாஸ் குடுத்தது.”

“மயிர் ஆட்டோடது,” என்றான் ஷாபாஸ் அடக்கமாக.

வெயில் உச்சிக்கு ஏறிற்று. கோவேறு கழுதை படுத்துவிட்டது. யதுல்லாவுக்கு உள்ளுக்குள் பதறியது. அதிகாரி கோபித்துக்கொண்டு போய்விட்டால் தண்ணீர் போயிற்று, மரம் போயிற்று. ஹெஷ்மத்தின் கோழிக்கூண்டுதான் கதி. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் ஒரு ஊர்த்தலைவர் அத்தனை பேர் முன்னால், மரியாதை தெரியாதவன் போல எப்படி அந்த அடியை எடுத்து வைப்பது? அவர் கால் எழுந்தது. மரியாதை அதைப் பிடித்துக் கீழே வைத்தது.

அதிகாரியும் அதே நாட்டுக்காரர்தானே. அவருக்கு இது புரிந்தது. பசியும் எடுத்தது.

“சரி. ஒன்றாமவர் பிறகு சௌகரியம் போல வரட்டும். நான் இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு யாரு?”

இரண்டாவதாகப் போவதில் ஒரு குற்றமும் இல்லை. யதுல்லா தாராளமாக முன்னால் வந்தார். “இரண்டு,” என்று எழுதினார் அதிகாரி. குலாந்தாம் மூன்று, சப்தர் நான்கு. அப்படியே போய், கடைசியாக மஹ்ரு வந்து நின்றாள்.

“பன்னிரண்டு,” என்றார் அதிகாரி. “கெர்தக். இருக்கும் இடம், கறுப்புப் பாறைக்குக் கிழக்கே. ஆள் பன்னிரண்டு. ஊர்தான்!”

யதுல்லா கைரலியின் கயிற்று முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். பதினொன்றுதான் இருந்தது. “ஐயா, பன்னிரண்டா?”

“எண்ணினது நான். சந்தேகமா?”

“சேச்சே!”

“அடுத்த வாரம் தோண்ட ஆள் வரும். ஒன்றாமவர் வந்தா என் சலாமைச் சொல்லுங்க.” அதிகாரி கோவேறு கழுதையை எழுப்பி ஏறிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் ஊர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேற்கே திரும்பி, அக்ரூட் மரத்தைச் சுற்றிப் பழையபடி படுத்துக்கொண்டது.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். யதுல்லாவுக்கு மட்டும் நான்கு நாளாக ரொட்டி இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மரத்தடியில் எல்லாரையும் கூட்டினார்.

“இந்த ஊரைக் காப்பாத்தினது ஒன்றாமவர். அவர் இல்லைன்னா நாம பதினொண்ணு. அவருக்கு ஒரு வாய் டீ குடுத்தோமா?”

எல்லாரும் தலைகுனிந்தார்கள்.

“அவர் எப்படி இருப்பார்?” என்றான் கலந்தர்.

“ஒன்றுன்னா, நம்ம எல்லாருக்கும் முன்னால நிக்கிறவர்,” என்றார் சப்தர். “அப்ப நாம அவர் முதுகைத்தான் பார்த்திருப்போம்.”

“அதனாலதான் முகம் ஞாபகத்துக்கு வரலை!” என்றான் இஸ்கந்தர்.

“நல்ல மனுஷன்,” என்றாள் சுஹ்ரா. “ஒருத்தரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசினதில்லை.”

“இந்த ஊர்ல அப்படிப்பட்ட ஆம்பிளை அவர் ஒருத்தர்தான்,” என்று குலாந்தாம் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கே சாப்பிடறாரோ, எங்கே படுக்கறாரோ.”

“நாம மதிக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்,” என்றார் யதுல்லா. “தண்ணி வர்ற நேரத்துல அவர் இல்லாம நாம எப்படிக் குடிக்கிறது? தேடிக் கூட்டிட்டு வரணும்.”

யார் போவது, யார் ஊரில் இருப்பது என்று கேள்வி வந்தது. மற்றவர்கள் வெயிலில் நடக்கும்போது தான் மட்டும் நிழலில் உட்கார்ந்திருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. “நீங்க இருங்க”, “நீங்க இருங்க” என்று சொல்லிச் சொல்லியே பதினொரு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஒன்றாமவர் வேறு வழியாக வந்து சேர்ந்தால் ஊர் எது என்று தெரிய வேண்டுமே என்று எல்லைக் கயிற்றை அங்கேயே விட்டார்கள். கழுதையை வெயில் படாமல் தலைவர் வீட்டுக்குள் விட்டு, கதவை ஒருக்களித்து வைத்தார்கள்.

கறுப்புப் பாறையருகே எதிரே ஐந்து பேர் வந்தார்கள். தோளில் மண்வெட்டி, மண் தூக்கும் ராட்டினம், தோல்வாளி. முன்னால் வந்த பெரியவர் தலைத்துண்டில் ஒரு தாளைச் செருகியிருந்தார். காரீஸ் தோண்டுகிறவர்களின் மேஸ்திரி, உஸ்தாத் ரமஸான்.

“கெர்தக்குக்கு வழி இதுதானே?”

“இதுதான், இதுதான்!” யதுல்லாவுக்கு நாக்குக் குழறியது. “நாங்க கெர்தக்காரங்கதான்.”

உஸ்தாத்தின் முகம் மாறியது. “எல்லாரும் கிளம்பி எங்கே போறீங்க? ஆள் இல்லாத ஊர்ல ஒரு கைப்பிடி மண்கூட எடுக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. ஊர்ல யாரும் இல்லைன்னா நான் இப்படியே திரும்பிடறேன். அடுத்து பாலாதேயில வேலை இருக்கு.”

பாலாதே என்ற பேரைக் கேட்டதும் யதுல்லாவுக்குக் கண் இருண்டது. வாசல் வரைக்கும் வந்த தண்ணீர் ஹெஷ்மத் வீட்டுக்குப் போகப் போகிறது. அவர் உஸ்தாத்தின் வழியை மறித்து நின்றார். 

உஸ்தாத்தே தாளை உருவிப் பார்த்தார். “ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?”

“பன்னிரண்டு,” என்றாள் மஹ்ரு. “அதிகாரி எழுதினது.”

“ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு. இங்கே நிக்கிறது எத்தனை பேர்?”

கைரலி முடிச்சுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். உஸ்தாத் ஒவ்வொரு முடிச்சாகத் தடவி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “பதினொண்ணு. அப்ப ஊர்ல?”

கெர்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யதுல்லாதான்.

“ஒருத்தர் இருக்காருங்க!”

“ஒருத்தர் போதும்,” என்றார் உஸ்தாத். “உத்தரவுக்குச் சரியாப் போச்சு.”

“தாராளமாப் போங்க உஸ்தாத். மரத்துக்குப் பக்கத்து வீடு. கதவு திறந்துதான் இருக்கு. அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம், பேச மாட்டார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதனாலென்ன, நாங்க மண்ணைத் தோண்டத்தானே வந்திருக்கோம்.”

இருவரும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள். உஸ்தாத் நாலடி போனதும் யதுல்லா மறுபடி கூப்பிட்டார்.

“அவரிடம் ஒரு சேதி சொல்லிடுங்க உஸ்தாத். நாங்க வர நேரமாகும், பசியோட காத்திருக்க வேணாம்னு. அவரைத் தேடித்தான் போயிருக்கோம்னு.”

“சொல்லிடறேன்.”

உஸ்தாத் ரமஸான் சொன்ன சொல் தவறாதவர். கெர்தக் போய்ச் சேர்ந்ததும், கயிற்றைத் தாண்டி, தலைவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, ஒருக்களித்த கதவுக்கு முன் குனிந்து நின்று சேதியை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். “தோண்ட ஆரம்பிக்கலாமா ஐயா?” என்றும் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சும், காலைத் தரையில் ஒரு தடவை தட்டும் சத்தமும் வந்தன.

“உத்தரவு கிடைச்சிடுச்சு,” என்று உஸ்தாத் ஆட்களிடம் திரும்பினார். முதல் மண்வெட்டி மண்ணில் இறங்கிற்று.

அன்றைய கணக்கு இதுதான். ஆள் பன்னிரண்டு. தேடிப் போனவர்கள் பதினொன்று. ஊரில் மீதி ஒருவர்.

கழுதை கணக்கில் சேராது.